பொருளடக்கம் மட்டும் பாக்கி

சாரல் அடிக்கிறது என்று சொல்லி ராஜகோபால் சார் கடை ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டார். சாரலோ எதிர்ச்சாரிக் கடைகளின் மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது. தனம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலேஜில் பாடம் எடுக்கிறவர், அவரிடம் என்ன கேட்பது.

தொண்ணூற்றேழில், ஐப்பசி மழையில், குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்து டிடிபி சென்டரில் அன்று சாயங்காலம் அவள் மட்டும்தான் இருந்தாள். காகிதம் வாங்க பாரிமுனை போன முதலாளி லாசரஸ் இன்னும் திரும்பவில்லை. சார் நாற்காலியை இழுத்து அவள் முதுகுக்குப் பின்னால், மூச்சு பிடரியில் படுகிற தூரத்தில் உட்கார்ந்தார். நனைந்த சட்டையிலிருந்து டெட்டால் நெடி வந்தது. அதற்கடியில், கறிக்கடையைத் தாண்டும்போது தொண்டையில் வந்து ஒட்டுமே, அந்தக் கவிச்சி.

"தீசிஸ் பூரா என் வொய்ஃப் வீட்லயே டைப் பண்ணிட்டா. பொருளடக்கம் மட்டும் பாக்கி," என்றார், அச்சடித்த தாள்களை மடியில் வைத்துக்கொண்டு.

தனம் பிளாப்பியைப் போட்டு, தலைப்புகளை ஒவ்வொன்றாகக் குறித்து, பொருளடக்கத்தை வரவழைத்தாள். அத்தியாயப் பெயர்கள் இடப்பக்கம் வரிசையாக நிற்க, நடுவில் புள்ளிகள் ஓடி வலப்பக்கத்து எண்களில் போய் முட்டின.

அவர் விரல் திரையைத் தொட்டது. "நாலாவது அத்தியாயம் அறுபத்தொண்ணா? அச்சுல அறுபது."

"பிரிண்டர் மாறினா பக்கம் நகரும் சார்."

"அவளும் இதையேதான் சொன்னா."

குரலில் கோபமே இல்லை. அதனாலேயே தனம் மேஜைமேலிருந்த போனை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"மார்ஜின் எவ்ளோ வச்சாங்கன்னு மேடத்துக்கு போன் போட்டுக் கேக்கட்டுமா சார்?"

"கேளேன். எடுக்க மாட்டா."

நம்பரைச் சொன்னார். மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ, மேடம்?"

பேச்சு இல்லை. தண்ணீர் வராத குழாயில் காற்று கொப்பளிப்பதுபோல் ஒரு மூச்சு. எதையோ நகத்தால் பிறாண்டும் சத்தம். அப்புறம், மிக மெதுவாக:

"அங்கேர்ந்து போயிடும்மா..."

"இன்னுமா?" என்றார் பின்னால் இருந்தவர். அரிசி வேகவில்லை என்று கேள்விப்பட்டவர்போல.

தனம் பாய்ந்தாள். ஷட்டருக்கடியில் குனிந்தாள். பின்னல் இழுபட்டது. தலை தரையில் மோதியது. கத்தினாள். மின்சார ரயில் ஒன்று அந்தக் கத்தலை விழுங்கிக்கொண்டு போயிற்று. ஷட்டர் முழுசாக இறங்கியது.

இருட்டு. திரை வெளிச்சம் மட்டும்.

அவள் இடக்கையை இழுத்துப்போய்ப் பேப்பர் கட்டரின் பலகைமேல் வைத்து முழங்காலால் அழுத்தினார்.

"சார்... வேணாம் சார்... சரி பண்ணிடறேன் சார்..."

"ஒரு கை போதும்."

கத்தி இறங்கியது.

மறுபடி நாற்காலியில் இருந்தாள். எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. இடக்கையில் துப்பட்டா சுற்றியிருந்தது. சொட்டியது. வலக்கை அறுபத்தொன்றின் ஒன்றை அழித்துப் பூஜ்யத்தை அடித்தது. அறுபது.

மேஜைமேல் கிடந்த ரிசீவரில் மூச்சு இழுத்தது. நின்றது. இழுத்தது.

நின்றது.

அவர் குனிந்து, காதை அதன்மேல் வைத்துக் கேட்டார். நிமிர்ந்தார். அச்சுத் தாள்களை மறுபடி மடியில் எடுத்து வைத்து நிதானமாகப் புரட்டினார்.

"அஞ்சாவது அத்தியாயம்," என்றார்.