ஷெரின் வைத்த மூன்றாம் வரிசை

ராமநாதபுரத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் டேட்டா சென்டருக்கு அன்று காலை பத்து மணிக்குத்தான் போனேன். பட்டப்பகல். வாசலில் மேனேஜர் தர்மராஜ் நின்றிருந்தார்.

"கோகிலா, ஷெரினா இருந்தா புது சுவிட்ச இந்நேரம் மாட்டி முடிச்சிருக்கும். சாயங்காலத்துக்குள்ள முடியலேன்னா மெட்ராஸ்ல இருந்து ஆள் வரும். அப்புறம் உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

ஷெரின் தங்கச்சிமடத்துக்காரி, என்னோடு இதே வேலை பார்த்தவள். மூன்று மாதத்துக்கு முன் உச்சிப்புளிப் பக்கம் லாரி மோதிச் செத்துப்போனாள். செத்தவள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். வயிறு எரிந்தது.

உள்ளே குளிர். ஆயிரம் விசிறிகளின் இரைச்சல். சுவிட்ச் என்றால் கணினிகளுக்கு இடையே தரவைக் கடத்தும் பெட்டி. இரண்டு சுவிட்சுகளைக் கேபிளால் இணைத்தால் அவை செட்டிங்குகளைப் பரிமாறிக்கொள்ளும். ஒன்று சொல்லும், மற்றது ஏற்கும். எது சொல்வது, எது ஏற்பது என்பதை நாம்தான் வைக்க வேண்டும். பழைய சுவிட்சுக்கு ஷெரின் தன் பெயரையே வைத்திருந்தாள். புதியதற்கு நான் 'கோகிலா' என்று வைத்தேன்.

சுவிட்சுக்குள் தரவு போக எட்டு வரிசைகள் உண்டு; டிஸ்க்குகளின் தரவுக்கு அவள் மூன்றாம் வரிசையை ஒதுக்கியிருந்தாள். அதையே விட்டிருந்தால் வேலை பத்து நிமிடம். ஆனால் அவள் வைத்தது எதுவும் மிஞ்சக் கூடாது என்று எனக்கு வீம்பு. நான்காம் வரிசைக்கு மாற்றி, என் சுவிட்ச் சொல்லட்டும், அவளுடையது ஏற்கட்டும் என்று வைத்தேன்.

புதிய சுவிட்சோடு இணைத்திருந்த என் லேப்டாப் திரையில் மூன்று என்றே வந்தது.

மறுபடி நான்கு போட்டேன். மூன்று.

சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு அனுமதியே இல்லாத அந்த அறையில் நண்டுக்குழம்பு வாசம் வந்தது. ஷெரின் டிபனைத் திறந்தால் வரும் அதே வாசம்.

கேபிளை உருவினேன். பழைய சுவிட்சின் மின்சாரத்தையும் அணைத்தேன். அதன் விளக்குகள் எல்லாம் அவிந்தன. திரையைப் பார்த்தேன்.

சொல்வது: ஷெரின்.

ஏற்பது: கோகிலா.

"செத்தும் விடமாட்டியாடி?" என்று முணுமுணுத்தேன். அழுகை வந்துவிட்டது. விசிறிகள் எல்லாம் ஒரு நொடி நின்று, திரும்ப ஓடின.

மின்சாரத்தைப் போட்டு, கேபிளைத் திரும்பச் செருகி, மூன்றையே விட்டுவிட்டேன். எல்லாம் சரியாக ஓடியது. தர்மராஜ் உள்ளே வந்து திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பத்தான் வேலை மாதிரி இருக்கு. இந்தா, முடிச்ச ஆளுன்னு கையெழுத்தப் போடு. மேல அனுப்பணும்."

இதற்காகத்தானே இத்தனை பாடு. என் பெயர் அந்தக் காகிதத்தில் ஏற வேண்டும், அவ்வளவுதான். எந்தக் காகிதத்திலும் முதலில் பிள்ளையார் சுழி போடுவது என் பழக்கம். பேனாவை வைத்தேன்.

கை ஒரு சின்னச் சிலுவையைப் போட்டது.

கீழே கோகிலா என்றுதான் எழுதினேன். சத்தியமாக அப்படித்தான் எழுதினேன். காகிதத்தில் ஷெரின் என்று இருந்தது. அன்றிலிருந்து எத்தனை காகிதத்தில் எழுதினாலும் அப்படித்தான் வருகிறது.