அவள் சொல்லாத சாட்சி

டென்மார்க்கின் வைலே நகரில் ரயில் ஏறிய ஜெபமலருக்குக் கிடைத்த ஒரே இருக்கை, ஒரு தமிழ்ப் பெடியனுக்கு எதிரே. அவன் மடியில் புத்தகம்… அட்டையில் கொம்பு வைத்த சாத்தான்!

"இதை மூடி வையுங்கோ. பார்க்கவே பயமாக் கிடக்கு."

"கடிக்காது. சோதினைக்குப் படிக்கிறன்," என்று சிரித்தான் ஜெரோஷன். ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்குத் தயாராகும் இறையியல் மாணவன்.

ஐயோ, அந்தக் கண்கள்… இந்த நேரத்தில் கண்ணைப் போய்ப் பார்க்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"பிசாசைப் பற்றிப் படிக்க என்ன கிடக்கு?"

"வேதத்தின்ர பழைய பக்கங்களில சாத்தான் பெரிய எதிரி இல்லை. கடவுளின்ர சபையில குற்றம் சாட்டுற ஆள். நல்லதும் கெட்டதும் கடவுளிட்ட இருந்துதான் எண்டு யூதச் சனம் நம்பினது. பிறகு நாடு போச்சு, பிள்ளையளைப் பறிகுடுத்தினம்… அப்பிடி நம்ப ஏலாமல் போச்சு. கெட்டதுக்கு வேற தலைவன் தேவைப்பட்டான். இயேசுவின்ர காலத்தில அவன் நல்லா வளர்ந்திட்டான்."

"அப்ப என்ர தம்பியைக் கொன்றது ஆர்?"

அவன் புத்தகத்தை மூடினான்.

அது 2009 மே மாதக் கடைசி. சில நாட்களுக்கு முன், தம்பி முள்ளிவாய்க்காலில் இருந்து தப்பிவிட்டான் என்று தொலைபேசி வந்ததும், சபையில் எழுந்து சாட்சி சொன்னவள் அவள். சபையே அல்லேலூயா பாடியது. செய்தி பிழை. அவன் செல் என்ற எறிகணை விழுந்து செத்திருந்தான். அவளுடைய விசுவாசக் குறைவால்தான் பிசாசு புகுந்தது என்றார் போதகர். இன்றைய உபவாச ஜெபத்தில் அதையே அவள் சாட்சியாகச் சொல்லவேண்டும். ஓர்ஹூஸில் அம்மா காத்திருக்கிறாள். எல்லாவற்றையும் அவனிடம் சொல்லி முடித்தாள்.

"அது பிழை. பிற்காலத்து நம்பிக்கையில…" என்று பாடம் தொடங்கினான் அவன்.

"உங்களுக்கு இது சோதினை. எனக்குச் செத்தவீடு!"

அவன் முகம் சுருங்கிப்போனது. ஹோர்சன்ஸ் நிலையம் போய், ஸ்கேண்டர்போர்க் நிலையம் போய்… இருவரும் மழையையே பார்த்தார்கள்.

ஓர்ஹூஸ் மேடையில் இறங்கியவள் வாசலுக்குப் போகாமல் அங்கேயே நின்றாள். முன்னே போன அவன் திரும்பி வந்தான்.

"மன்னியுங்கோ. செல் அடிச்சது மனிசர். கடவுள் ஏன் பார்த்துக்கொண்டு நிண்டவர் எண்டு எனக்குத் தெரியாது… ஆனா உங்களால இல்லை."

அவள் வாய்விட்டு அழுதாள். பிறகு கைபேசியை எடுத்தாள்.

"அம்மா… நான் சாட்சி சொல்லமாட்டன்."

"உன்னிலும் பிசாசு ஏறிட்டுதே! இனி எனக்கு நீயும் இல்லை!" அம்மா தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.

"நான் பக்கத்தில நிக்கட்டே?" என்றான் மெதுவாக. "ஒண்டும் கதைக்கமாட்டன்."

"ஓம்… நில்லுங்கோ." தலை நிமிராமலே சொன்னாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு… தம்பி செத்து இன்னும் ரெண்டு கிழமை ஆகேல்லை. இதுக்கு நான் ஆரைக் குற்றம் சொல்ல?"