ஊறப்போட்ட படம்

படத்தில் ஒரு கை அந்தரத்தில் நின்றது.

இரத்தினவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மையொற்றுத் தாளின் மேல் ஒரு இரவு முழுவதும் காய்ந்த, போஸ்ற்காட் அளவிலான மண்ணிறப் படம். நூறு வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு தொழிற்சாலையின் பேஸ்போல் அணி. முன்னால் நாலு பேர் ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்திருக்க, பின்னால் ஐந்து பேர் நிற்க வேண்டும். நேற்று அப்படித்தான் நின்றார்கள். இன்று பின்னால் நாலு பேர். மீசைக்காரன் ஒருவன் பக்கத்து ஆளின் தோளில் கை போட்டிருந்தான். அந்தத் தோளும் இல்லை, தோளுக்குச் சொந்தக்காரனும் இல்லை. கை மட்டும் விரல்களை மடக்கி, ஒன்றுமில்லாததைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வேறு ஒருவர் என்றால் பயந்திருப்பார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "சீமோன்!" என்றார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இரத்தினவேல் கண்ணுக்கு இருண்டதெல்லாம் கள்ளன். மார்க்கம் நகரத்தில் கார் உதிரிப்பாகம் செய்யும் கொம்பனியில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கிற வேலை. நல்ல சாமானை விட்டுவிட்டுப் பிழையான ஒன்றைத் தேடித் தேடியே கண் பழகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகாவது அந்தக் கண்ணை மூடி வைத்தாரா என்றால், அதுவும் இல்லை. ஆட்டக்காரர் படம் அச்சடித்த பழைய பேஸ்போல் அட்டைகள் சேர்க்கிற பொழுதுபோக்கு அவருக்கு வாய்த்ததே அதற்குத் தோதாகத்தான். ஓரம் வெட்டின அட்டை, நிறம் பூசின அட்டை, புதுத்தாளில் அச்சடித்துத் தேத்தண்ணியில் தோய்த்துப் பழசாக்கின அட்டை என்று அந்த உலகத்தில் கள்ளத்துக்குக் குறைவில்லை.

சீமோனும் அட்டைப் பைத்தியம்தான். அஜக்ஸில் இருந்து இரண்டு சனிக்கிழமைக்கு ஒருதடவை ஸ்காபரோவுக்கு வருவான். புதிதாய்க் கிடைத்ததை இருவரும் பேஸ்மென்ற் மேசையில் பரப்பி, முன்பக்கம் காட்டி, பின்பக்கம் காட்டி, போனில் படம் எடுத்து, ஒருவர் பொருளில் மற்றவர் குறை கண்டுபிடித்துச் சந்தோசப்படுவார்கள். பதினாலு வருடச் சிநேகிதம்.

நேற்று இரத்தினவேல் காட்டியது ஒஷாவாவில் செத்துப்போன ஒருவரின் வீட்டுச் சாமான் விற்பனையில் எடுத்த ஆல்பத் தாள் ஒன்று. கறுத்த தடித்த தாளின் நடுவில் இந்தப் படம் மட்டும். சீமோன் அதை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணை, உதைக் கழட்டாதேங்கோ. பசை பூசியிருக்கிற விதம் சரியில்லை. ஒட்டுறதுக்கு மூலையிலை நாலு பொட்டு வைச்சாலே காணும். இது ஆரோ பின்பக்கம் முழுக்க அப்பி, அதுக்கு மேலை இன்னும் அப்பி ஒட்டியிருக்கினம். வைச்சிருக்கிறதுக்கு ஒட்டினது மாதிரித் தெரியேல்லை."

"பின்னை என்னத்துக்கு ஒட்டினதாம்?"

"தெரியாது. ஆனா விடுங்கோ."

விடுவாரா? பின்பக்கத்தில் படம் எடுத்தவனின் முத்திரை இருக்கும், அதைப் பார்த்தால் அசலா நகலா என்று தெரியும். பார்க்கவேண்டாம் என்று ஒருவன் சொல்கிறான் என்றால் அவன் மனதில் வேறு கணக்கு ஓடுகிறது. ஆல்பத்தில் ஒட்டிய அட்டைகளைத் தண்ணீரில் ஊறவிட்டுக் கழற்றுவது சேகரிப்பவர்களுக்குக் கைவந்த வேலை. பசைதான் கரையும், படத்துக்கு ஒன்றும் ஆகாது. தட்டத்தில் தண்ணீர் ஊற்றித் தாளை அமிழ்த்தினார். கால் மணித்தியாலத்தில் பசை மண்ணிறமாகக் கசியத் தொடங்கியது. அதோடு ஒரு மணமும் எழும்பியது. மழையில் நனைந்த தோலும் புகையிலையும், நாள்பட்டுக் கூட்டிவைத்த இலைச்சருகும் கலந்த மாதிரி, தொண்டைக்குள் போய் உட்காருகிற மணம். படம் மெல்ல விலகி மிதந்தது. அந்த நேரம் பார்த்து மேலே இருந்து மனைவி யோகராணி, "இஞ்சேருங்கோ, தேத்தண்ணி ஊத்தட்டே?" என்று கூப்பிட்டாள். இரத்தினவேல் எடுத்துவரப் படியேறினார். திரும்பி வந்தபோது சீமோன் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது. அவசர அலுவல் என்றான், தேத்தண்ணியைத் தொடாமலே போய்விட்டான்.

ஈரப் படத்தை உற்றுப் பார்க்காமல் குப்புற வைத்துக் காயவிட்டது இரத்தினவேலின் பிழை. இப்போது எல்லாம் பொருந்தி வந்தது. இவர் மேலே போன ஐந்து நிமிடத்தில் சீமோன் அசலைச் சுருட்டிவிட்டு, வேறொன்றை வைத்துவிட்டான். பூதக்கண்ணாடி எடுத்தார். ஓரம் வெட்டப்படவில்லை. சுரண்டிய தடம் இல்லை. ஊதா விளக்கைப் பிடித்தார். புதுத்தாள் என்றால் வெள்ளையாக மினுங்கும், இது செத்த தாளாகவே கிடந்தது. ஒரு மூலையில் நேற்றுப் பார்த்த அதே மடிப்பு. பின்பக்கத்தில் முத்திரையும் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை. அவருடைய கருவிகள் எல்லாம் ஒரே சாட்சிதான் சொல்லின: இது அதே படம். அவர் அதைக் கேட்கத் தயாராக இல்லை.

யோகராணி படியில் பாதியில் நின்றாள். முழுவதும் இறங்கவில்லை.

"ராத்திரி இஞ்ச கீழை நடந்தனியளே?"

"இல்லையே. ஏன்?"

"விடியப்புறம் ஆரோ நடந்தமாதிரிக் கேட்டது. சப்பாத்தோட. அடியிலை ஆணி அடிச்ச சப்பாத்து மாதிரி, டக் டக் எண்டு. எங்கடை வீட்டுக்குள்ளை ஆர் சப்பாத்தோட நடக்கிறது? காலமை வந்து பாத்தால் காப்பெற்றிலை ஈரம்."

அவர் கீழே பார்த்தார். மேசையில் இருந்து படிவரை சாம்பல் நிறக் காப்பெற்றில் கருமையாக ஈரத்திட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு காலடி தூரம். மேசையை நோக்கி வந்தவை அல்ல. மேசையில் இருந்து போனவை.

அதையும் பார்த்துவிட்டு, அவர் வாயில் வந்தது இதுதான்: "சீமோன் திரும்பி வந்தவனோ? நீ கதவு திறந்து விட்டனியோ?"

யோகராணி ஒரு படி மேலே ஏறினாள். "என்னையுமோ?" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியம் இருந்தது. அவர் அதற்கு முகம் கொடுக்காமல் கார்த் திறப்பைத் தேடினார்.

"இப்ப போகாதேங்கோப்பா. எனக்கு இந்த வீட்டிலை தனிய நிக்கப் பயமாக்கிடக்கு."

"ஒரு மணித்தியாலத்திலை வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கையும் களவுமாகப் பிடிக்கப் போகிற அவசரத்தில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்கழி மாதப் பின்னேரம், நாலரைக்கே இருட்டு இறங்கிவிடும். அஜக்ஸில் சீமோன் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தான். காரை நிற்பாட்டினதும் நிற்பாட்டாததுமாக, "எங்கையடா என்ரை படம்?" என்றார் இரத்தினவேல். பதினாலு வருடத்தில் அவர் அவனை 'டா' போட்டதில்லை. சீமோன் கோபப்படவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, கையுறையைக் கழற்றிப் போனை எடுத்து நீட்டினான்.

மூன்று படங்கள். நேற்று, தண்ணீருக்குள் மிதந்த நிலையில் அவன் எடுத்தவை. முதலாவதில் ஒன்பது பேர், எல்லோரும் நேரே பார்த்தபடி. இரண்டாவதிலும் ஒன்பது பேர். ஆனால் மீசைக்காரனின் கைக்குக் கீழ் நின்றவன் மட்டும் தலையை ஒரு பக்கம் திருப்பியிருந்தான், தூரத்தில் யாரோ கூப்பிட்டதைக் காது கொடுத்துக் கேட்கிறவன் மாதிரி. மூன்றாவதில் எட்டுப் பேர்.

"மூண்டுக்கும் இடையிலை பத்துச் செக்கன் இல்லை அண்ணை" என்றான். "அவன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் எண்டு பாருங்கோ. படிப் பக்கம். அக்கா தேத்தண்ணி ஊத்தட்டே எண்டு கேட்ட பக்கம்."

"நேற்றே ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நம்புவியளே? படத்தை மாத்திப்போட்டுக் கதை விடுறன் எண்டுதானே சொல்லுவியள்?"

அதே வசனத்தைத்தான் இரத்தினவேல் அஜக்ஸ்வரை மனதுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தார்.

"வீட்டிலை ஆர் நிக்கினம்?"

"ராணி."

"தனியவோ?"

இரத்தினவேல் போனை எடுத்து அழுத்தினார். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"என்னப்பா, கீழை இருந்துகொண்டு போன் அடிக்கிறியள்?"

"ராணி, நான் அஜக்ஸிலை நிக்கிறன்."

"சும்மா பகிடி விடாதேங்கோ. இப்பதானே கூப்பிட்டனியள். 'என்னை மன்னிச்சுக்கொள் ராணி, ஒரு தேத்தண்ணி கொண்டு வா' எண்டு. இவ்வளவு வரியத்திலை முதல்தரம் வாயாலை மன்னிப்புக் கேட்டிருக்கிறியள். அதுக்காகவேனும் கொண்டு வாறன்."

"ராணி, இறங்காதை! அது நானில்லை! ராணி!"

கோப்பையில் கரண்டி முட்டுகிற சத்தம். படி முனகியது. ஒன்று. இரண்டு. மூன்று.

"ஏனப்பா இருட்டுக்குள்ளை லைற்றை நூத்து வைச்சிருக்கிறியள்?"

பிறகு பேச்சு இல்லை. தொடர்பும் அறவில்லை. தூரத்தில் தண்ணீர் சொட்டியது.

சீமோன் பொலிசுக்கு அடிக்கிறேன் என்று பின்னால் கத்தினான். இரத்தினவேல் கார் எடுத்துவிட்டார். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் பனி குறுக்காக அடித்தது. முன்னால் போகிற வாகனங்களின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் போன் திறந்தே கிடந்தது. சொட்டு. சொட்டு. இடையில் யாரோ மூச்சு விட்டார்கள். ராணியின் மூச்சு அவருக்குத் தெரியும். இது அது இல்லை.

பொலிஸ் இன்னும் வந்திருக்கவில்லை. வீட்டுக் கதவு அவர் பூட்டிய மாதிரியே பூட்டியிருந்தது. திறந்தார். சமையலறையில் விளக்கு எரிந்தது. ஏலக்காய் மணம். வாசல் கம்பளத்தில் ராணியின் குளிர்ச் சப்பாத்து. அதற்குப் பக்கத்தில் இன்னொரு சோடி. கணுக்காலுக்கு மேல் கயிறு கட்டுகிற பழைய தோல் சப்பாத்து, அடியில் பேஸ்போல் ஆட்டக்காரர்களுடைய இரும்பு முள்ளு. தண்ணீர் ஊறிக் கறுத்திருந்தது. குதிகால் சுவரோடு முட்ட, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

வந்தவன் வீட்டு வழக்கம் பழகிவிட்டான். இனி நடந்தால் சத்தம் கேட்காது.

"ராணி?"

பேஸ்மென்றுக்கு இறங்கினார். கடைசிப் படியில் அவளுடைய போன் வெளிச்சத்தோடு கிடந்தது. மேசையில் தேத்தண்ணி. இவ்வளவு நேரத்துக்குப் பிறகும் ஆவி பறந்தது. அரைவாசி குடித்திருந்தது. விளக்கைப் போட்டார்.

படம் மையொற்றுத் தாளில் கிடந்தது. ஒன்பது பேர்.

மீசைக்காரனின் கை இப்போது அந்தரத்தில் இல்லை. ராணியின் தோளில் இருந்தது. அவளுடைய கம்பளி மேற்சட்டை. நெற்றியில் பொட்டு, படத்தில் கறுப்பாக. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, ஏதோ கேட்டு முடிக்காதவள் மாதிரி. அந்த விரல்கள் கம்பளிக்குள் அமுங்கியிருந்தன.

இரத்தினவேல் உடனே நம்பினார். பூதக்கண்ணாடி தேடவில்லை. ஊதா விளக்குத் தேடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைக் கண்டதும் நம்பினார். "என்னை மன்னிச்சுக்கொள் ராணி" என்றார். அதே சொற்கள், அதே குரலில், இன்று ஏற்கெனவே இந்த அறையில் சொல்லப்பட்டாயிற்று.

தட்டத்தை எடுத்தார். உடுப்புத் தோய்க்கிற இடத்துக் குழாயைத் திறந்தார். அவசரத்தில் பாதி வெளியே ஊற்றுப்பட்டது. ஊறவிட்டால் கழலும். அவனைக் கழற்றிய தண்ணீர் இவளையும் கழற்றும். வேறு யோசனை வரவில்லை.

படத்தைத் தண்ணீருக்கு மேல் பிடித்தார். நூறு வருடமாக நேரே பார்த்துக்கொண்டிருந்த எட்டுப் பேரும் இப்போது நேரே பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார்கள்.

ராணி மட்டும் அவரைப் பார்த்தாள்.

அமிழ்த்தினார்.

குமிழி வந்தது. அந்த மணம் எழும்பியது. இடப்பக்கம் நின்றவன் வெளுத்தான். இல்லாமல் போனான். அடுத்தடுத்து இரண்டு பேர். மீசைக்காரன். பிறகு வாங்கில் இருந்த நாலு பேரும், ஒவ்வொருவராக.

"ராணி, வா. வா."

ராணி வரவில்லை.

அவருக்குப் பின்னால் காப்பெற்றில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ஒரு இடத்தில் அல்ல. பிடரியில் குளிர்ந்த மூச்சு. யாரோ தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து, ஒரு மிடறு குடித்து, தட்டில் வைத்தார்கள்.

இரத்தினவேல் திரும்பவில்லை. தண்ணீருக்குள் பார்த்தபடியே இருந்தார். அங்கே புல்வெளி. வெறும் வாங்கு. நின்றுகொண்டிருந்த ராணி இப்போது அதன் ஒரு கரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், ஒரு ஆளுக்கு, இடம் விட்டிருந்தாள்.