இரைச்சலே இல்லாத பெட்டி

கதவைத் திறந்ததும் மைத்துனன் நின்றிருந்தான். கையில் ஓர் அட்டைப்பெட்டி. பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தியிருந்தான்.

"மாமா, உங்க காதை நம்பித்தான் வந்திருக்கேன்."

"காதை நம்பு மாப்ள. வாயை நம்பாதே," என்றார் பாம்புச்செவி.

பத்திரிகையில் ஸ்டீரியோ கருவிகளை எடைபோட்டு எழுதும் அவருக்கு வாசகர்கள் வைத்த பெயர் அது. அந்தச் செவிக்காகவேதான் இந்தப் பழைய வீட்டுக்கு அண்மையில் குடிவந்திருந்தார். தடித்த சுவர்கள். தெருச் சத்தம் எட்டாத ஓர் உள்ளறை. சாவி கொடுத்த அன்று வீட்டுக்காரர் சொன்னார்: "முன்னாடி இருந்தவங்க இந்த ரூம்ல ரேடியோவ நிறுத்தவே மாட்டாங்க சார். ஆனா உக்காந்து கேக்கவும் மாட்டாங்க."

பாம்புச்செவி சிரித்தார். மறந்தும் போனார்.

அட்டைப்பெட்டியில் இருந்தது ஒரு கன்வெர்ட்டர். கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை, ஆம்ப்ளிஃபயருக்குப் புரிகிற மின்சாரமாக மாற்றித் தரும் கருவி. பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு மைத்துனன் தன் கையாலேயே செய்த முதல் பெட்டி. பாம்புச்செவி நல்லபடியாக எழுதினால் கடைக்காரர்கள் வாங்குவார்கள். இல்லாவிட்டால் பழையபடி எவனிடமாவது கைகட்டி நிற்கவேண்டியதுதான்.

"குத்தம் இருந்தா எழுதிடுவேன், சொல்லிட்டேன்."

"இருந்தாத்தானே மாமா!"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "என் தம்பி செஞ்சதுல குத்தம் கிடைக்கலன்னா அவருக்குத் தொண்டையில தண்ணி இறங்காதுடா!"

மைத்துனன் கிளம்பிப் போனதும் பாம்புச்செவி உள்ளறைக்குள் நுழைந்தார். அவருடைய பழைய கன்வெர்ட்டரில் ஒரு மெல்லிய ரீங்காரம் உண்டு. எந்தப் பாட்டு ஓடினாலும் அடியில், புட்டிக்குள் அடைத்த வண்டுபோல, ம்ம்ம்ம் என்று. பல வருடப் பழக்கத்தில் அது அவருக்கு உறுத்துவதில்லை. அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார்.

அடடா!

பாடகி தொண்டையைச் செருமும் முன் உதடு பிரிவதுகூடக் கேட்டது. ரீங்காரம் இல்லை. இரைச்சல் இல்லை. கிணற்று நீர்போல் தெளிவு. பயல் கெட்டிக்காரன்தான்.

பாட்டு முடிந்தது.

மூச்சு கேட்டது.

மெதுவாக உள்ளே இழுத்து, மெதுவாக வெளியே விடும் மூச்சு. பதிவில் இருக்கலாம் என்று வேறு பாட்டைப் போட்டார். அது முடிந்த நிசப்தத்திலும் அதே மூச்சு. ஒலியே இல்லாத, சோதனைக்கென்று வைத்திருந்த வெற்றுப் பதிவை ஓடவிட்டார். அதிலும் மூச்சு. தன் மூச்சை அடக்கிப் பார்த்தார். அது அடங்கவில்லை.

வயரை மாற்றினார். மூச்சு. வேறு பிளக்கில் செருகினார். மூச்சு. எர்த் கம்பியை அவிழ்த்து முறுக்கிக் கட்டினார். மூச்சு. முட்டி வலிக்க அலமாரிக்குப் பின்னால் ஊர்ந்து, தலையில் தூசியோடு வெளியே வந்தவருக்கு, ஸ்க்ரூட்ரைவரைச் சுவரில் அடிக்கத் தோன்றியது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றாள் மனைவி. "வயசானா காதுக்குள்ளயே சத்தம் வருமாம்."

சுருக்கென்றது. காது போனால் அவருக்குச் சோறு போச்சு.

"சரி, பரீட்சை வைப்போம்." இரண்டு கன்வெர்ட்டரையும் இணைத்தார். கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் விரலை உயர்த்தும்போது அவள் இஷ்டத்துக்கு மாற்றவேண்டும், சொல்லக் கூடாது.

"பழசு... புதுசு... புதுசு... பழசு."

ஒன்றுகூடத் தப்பவில்லை. பழையதில் ரீங்காரம், மூச்சில்லை. புதியதில் மூச்சு, ரீங்காரமில்லை.

"காது நல்லாத்தான் இருக்கு. உன் தம்பி பெட்டிதான் ஊதுது."

அவள் முகம் விழுந்துவிட்டது. "நல்லாப் பாத்தீங்களா? அவன் வாழ்க்கைங்க அது," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். போனில் மைத்துனன் கெஞ்சினான். "மீட்டர்ல ஒரு பொட்டு இரைச்சல் காட்டல மாமா!"

"மீட்டருக்கு ஏதுடா செவி?"

எழுத உட்கார்ந்தார். குறை எங்கே கேட்கிறது என்று துல்லியமாகச் சொல்வது அவர் வழக்கம். எதிரே இரண்டு ஸ்பீக்கர். சரியாக அமைந்தால் பாடகி இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத வெளியில் நின்று பாடுவாள். இந்த மூச்சு எங்கே நிற்கிறது? கண்ணை மூடிக்கொண்டு தேடினார்.

இடப்பக்கம் இல்லை.

வலப்பக்கம் இல்லை.

நடுவிலும் இல்லை.

பின்னால்.

எதிரே இருக்கும் ஸ்பீக்கர்களால் பின்னால் ஒரு மூச்சை நிறுத்த முடியாது. இருபது கட்டுரைகளில் இதை அவரே எழுதியிருக்கிறார். கை நீட்டி ஆம்ப்ளிஃபயரை அணைத்தார்.

மூச்சு நிற்கவில்லை.

நனைந்த துணியைப் பல காலம் பூட்டிவைத்த வாடை வந்தது. பிடரி மயிர் லேசாக அசைந்தது. அறையில் ஃபேன் ஓடவில்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து அப்படியே எழுந்து, அப்படியே நடந்து, கதவைச் சாத்திய பிறகுதான் புரிந்தது. பெட்டியில் குற்றமே இல்லை. ரீங்காரத்தை எடுத்துவிட்டது, அவ்வளவுதான். அடியில் இருந்தது எப்போதும் இருந்ததுதான்.

கூடத்தில் உட்கார்ந்து எழுதினார்: 'இந்தக் கன்வெர்ட்டர் தன் பங்குக்கு எதையும் சேர்ப்பதில்லை. இருப்பதைத்தான் கேட்கவைக்கிறது. பழைய வீட்டில் குடியிருப்பவர்கள் யோசித்து வாங்கவும்.' கடைசி வரியை அடித்துவிட்டு அனுப்பினார்.

மைத்துனன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "பெட்டிய நீங்களே வச்சுக்குங்க மாமா!"

"வேண்டாம் மாப்ள. எடுத்துட்டுப் போயிடு."

"இவ்ளோ புகழ்ந்துட்டு வேண்டாம்ங்கறாரே," என்று அக்காவிடம் முணுமுணுத்தபடி போனான்.

பழைய கன்வெர்ட்டர் மீண்டும் அலமாரி ஏறியது. ம்ம்ம்ம். இப்போது அது தாலாட்டுபோல் இருந்தது. வேறு வீடு கிடைக்கும்வரை அதை அணைக்கவேண்டாம் என்று பாட்டை ஓடவிட்டே வைத்துவிட்டார்.

"யாரும் கேக்காத பாட்டுக்கு எதுக்குங்க கரண்ட்டு?" என்றாள் மனைவி.

வீட்டுக்காரர் சொன்னது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

ஒரு மத்தியானம் கரண்ட் போனது. கூடத்து ஃபேன் தயங்கிச் சுற்றி நின்றது. சமையலறையில் ஃப்ரிட்ஜ் அடங்கியது. பாம்புச்செவி உள்ளறை வாசலுக்கு ஓடினார். கன்வெர்ட்டரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது.

ரீங்காரம் நிற்கவில்லை.

ம்ம்ம்ம்...

வயரைப் பிடித்து இழுத்தார். பிளக் கையோடு வந்தது.

ம்ம்ம்ம்...

அலமாரியிலிருந்து அல்ல. நாற்காலிக்குப் பின்னாலிருந்து. அவருக்குப் பழகிய அதே சுருதியில், துளியும் பிசகாமல்.

பிறகு அது நின்றது.

மூச்சை இழுத்துக்கொண்டது.

மறுபடி ஆரம்பித்தது.