பின்னறைக் கதவின் மரம்

வட்டமாகிவிட்ட மரம் தட்டக் கூடாது. சதுரக் கட்டையை மெஷினில் பூட்டி ஓட்டினால் மூலைகள் உளியில் மோதித் தடதடக்கும். மூலைகள் தேய்ந்து வட்டம் வந்ததும் அந்தச் சத்தம் அடங்கி, சீவல் உதிரும் மெல்லிய சீறல் மட்டும் மிஞ்சும். பழைய வாஷிங் மெஷின் மோட்டாரையும் காயலான் கடை இரும்புச் சட்டங்களையும் வைத்துத் தானே கட்டிய கடைசல் மெஷினில் எத்தனையோ கிண்ணங்கள் கடைந்தவன் ஆன்சன். பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார். மரம் எப்போது சத்தம் போடும், எப்போது போடாது என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை மதியம், பசுமலையில் அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், வட்டமாகி வெகுநேரமான தேக்குக் கட்டை தட்டியது.

உளியை விலக்கினான். எதிலும் படாமல் வெறுங்காற்றில் சுழன்ற மரம் அப்போதும் தட்டியது. மெஷினில் கோளாறு என்றால் சத்தம் ஒரே தாளத்தில் ஓடும். இது தட்டிவிட்டு நின்றது. யாராவது வருகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்டதுபோல நின்று, மறுபடி தட்டியது.

சுவிட்சை அணைத்தான். சத்தம் நின்றது. மேலே மேகம் கட்டியிருந்ததால் கொட்டகைக்குள் பகலிலேயே மங்கல். தேக்கின் எண்ணெய் வாசனையோடு, வியர்வையும் விக்ஸும் கலந்த, பூட்டிக் கிடந்த அறையின் வாடை ஒன்று சீவல் குவியலிலிருந்து எழுந்து அவன் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

அந்தத் தேக்கு, அப்பா இருந்த பின்னறையின் கதவு. அப்பா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே கழற்றிவிட்டான். கரையான் பிடித்திருக்கிறது என்று மனைவி ஜெனிஷாவிடம் சொன்னான். கரையான் எதுவும் இல்லை. உள்பக்கம், முழங்கால் உயரத்தில், பச்சைப் பெயின்ட் பெயர்ந்து வெள்ளை வெள்ளையாகக் கிடந்ததுதான் காரணம். அந்த இடத்தை முதலில் இழைத்து எடுத்தான். பிறகு சட்டங்களை அறுத்து, அடுக்கிப் பசை போட்டு ஒட்டி, கிண்ணங்களாகக் கடைய ஆரம்பித்தான். எரித்திருக்கலாம். ஆனால் நல்ல மரத்தை எரித்துப் பழக்கமில்லாதவன். எரித்தால் ஏன் என்று ஜெனிஷா கேட்டிருப்பாள்.

அப்பா ஆசீர்வாதத்துக்குக் கடைசி வருடங்களில் எதுவும் நினைவில் நிற்கவில்லை. வாசல் திறந்திருந்தால் திருமங்கலம் ரோட்டுக்கு நடந்துவிடுவார். அவர் இறந்த அன்று ஜெனிஷா எழுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். "மாமாவ உள்ள வச்சுப் பூட்டிராதீங்க. பயந்துருவாரு" என்று செருப்பு மாட்டும்போதுகூடச் சொன்னாள். சரி என்றான். அவள் பஸ் ஏறியதும் தாழ்ப்பாளைப் போட்டான். ஒரே ஒரு கிண்ணம், அதை முடித்துவிட்டுத் திறந்துவிடலாம் என்றுதான்.

அப்பா தட்டியது அவனுக்குக் கேட்டது.

இதைத்தான் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட அவனால் சொல்ல முடியவில்லை. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்றால் அது விபத்து. கேட்டது. "இந்தா வாரேம்ப்பா" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்துவிட்டு, கிண்ணத்தின் விளிம்பு காகிதமாய் மெலிவதை ரசித்துக்கொண்டே நின்றான். தட்டல் நெடுநேரம் கேட்டது. பிறகு நின்றது. நின்றதும் அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. கதவைத் திறந்தபோது அதன் மேல் சாய்ந்திருந்த உடம்பு அவன் கால்மேல் சரிந்தது. தூக்கிக் கட்டிலில் கிடத்தி, கைமுட்டிகளைத் துடைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எல்லாரிடமும் சொன்னான். நல்ல சாவு என்றார்கள்.

"சார், இருக்கீங்களா?"

திடுக்கிட்டுத் திரும்பினான். பக்கத்து வீட்டு ராஜகுரு. அந்தக் கதவு மரத்தில் கடைந்து போன வாரம் ஆன்சன் கொடுத்த கிண்ணத்தைத் துண்டில் சுற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். இது எங்களுக்கு வேணாம்."

"ஏன், விரிசல் விட்டுருச்சா?"

"அதெல்லாம் இல்ல. கவுத்து வச்சா ஒண்ணுமில்ல. நிமித்தி வச்சா உள்ள இருந்து ஏதோ தட்டுது. ஹம்சவேணிக்கும் கேக்குது. ரெண்டு நாளா அவ சமையக்கட்டுக்கே போகல."

ஆன்சன் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒத்துழைக்கவில்லை. ராஜகுரு கிண்ணத்தைக் கவிழ்த்தே பலகையில் வைத்தார். போகத் திரும்பியவர் நின்றார்.

"அய்யா தவறுனாருல்ல, அன்னைக்கு மாடியில துணி எடுக்கையில இதே சத்தந்தான் சார். அம்புட்டு நேரம் கேட்டுச்சு. நீங்கதான் மெஷின்ல ஏதோ வேலை பாக்குறீங்கன்னு இருந்துட்டேன்." அவர் குரல் இறங்கியது. "எட்டிப் பாத்திருக்கலாம்."

அவர் போன பிறகுதான் கொட்டகை வாசலில் ஜெனிஷா காப்பி டம்ளரோடு நிற்பதை ஆன்சன் பார்த்தான். எவ்வளவு நேரமாக நின்றாளோ. காப்பியில் ஆடை படிந்திருந்தது.

"மாமா தூக்கத்துலதான போனாரு?" என்றாள்.

அவன் உளியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"உங்களத்தாங்க கேக்குறேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். பின்னறைப் பக்கம் போகும் செருப்பில்லாத காலடிகள். கதவில்லாத நிலைச்சட்டத்தை விரலால் தட்டிப் பார்க்கும் சத்தம். பிறகு அவள் குரல்.

"ஏங்க, இங்க கரையானே இல்லையே. கொஞ்சம் வாங்க."

கேட்டது. நன்றாகவே கேட்டது. போனால் சொல்ல வேண்டியிருக்கும். போய்விடுவோம் என்று நினைக்கும்போதே கை தானாக நீண்டு சுவிட்சைப் போட்டது.

மோட்டார் உறுமியது. பெல்ட் துடித்தது. உளியை வைத்தான், சீவல் சுருள் சுருளாக அவன் மார்பில் விழுந்தது. அந்த இரைச்சலுக்குள் அவன் தலையைப் புதைத்துக்கொண்டான். மரம் தட்டியது. தட்டட்டும். முன்னைவிட வேகமாகத் தட்டியது. பதறியது. மரத்தைப் பார்த்தான். அது ஆட்டமில்லாமல், கண்ணாடிபோல, ஒரே வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தது.

சத்தம் மரத்திலிருந்து வரவில்லை.

சுவிட்சை அணைத்தான். மெஷின் நின்றது.

தட்டல் நிற்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து வந்தது. கனத்த பலகையில் கை மோதும் சத்தம். அந்த வீட்டில் கதவிருந்த ஒரே உள்ளறை பின்னறைதான்; அதற்கும் இப்போது கதவு கிடையாது.

ஓடினான். கூடத்தில் அதே வாடை. விக்ஸ். வியர்வை. பின்னறையின் வெறும் நிலை. அதன் அந்தப்பக்கம் ஜெனிஷா. நடுவில் ஒன்றுமே இல்லை. அவள் இரண்டு கைகளாலும் அந்த ஒன்றுமில்லாததை அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அடிக்கும் தேக்கு அதிர்ந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. குரல் வரவில்லை.

"ஜெனிஷா!"

பாய்ந்தான். நெற்றி மோதி இடித்தது. கையை வைத்தான். கண்ணுக்குத் தெரியாத பலகை. வெதுவெதுப்பாக இருந்தது. தோளால் இடித்தான். அசையவில்லை. தாழ்ப்பாள். தாழ்ப்பாள் எங்கே? மேலே தேடினான். கீழே தேடினான். எங்கும் வழவழவென்றிருந்தது. அவனே இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வழவழப்பு. பிடிக்க ஒரு சொரசொரப்பு இல்லை. தாழ்ப்பாளை அவன்தான் கழற்றி எறிந்திருந்தான்.

அவள் மெல்லச் சரிந்து முழங்காலிட்டாள். அப்போதும் தட்டினாள். முழங்கால் உயரத்தில்.

அவளுக்குப் பின்னால் கட்டில். கட்டிலில் போர்வை. கழுத்துவரை இழுத்துவிட்ட போர்வை.

அது விலகியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியவில்லை. அப்பா தரையோடு தவழ்ந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவளைப் பார்க்கவே இல்லை. ஆன்சனைப் பார்த்தார். தோலுரிந்த கைமுட்டியை, பொறுமையாக, அவள் கைக்குப் பக்கத்தில் உயர்த்தினார்.

இப்போது இரண்டு பேர் தட்டினார்கள்.