இருபத்து மூன்றாம் கணக்கின் இன்னொரு விடை

மழைக்கு ஒதுங்கியவர்தான். வாங்க வந்தவர் இல்லை.

தோளில் கம்பிவலைச் சுருள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு நோட்டு. புத்தகக் கடைக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். இமையில் தங்கிய மழைத்துளியைக்கூடத் துடைக்காமல் அலமாரியையே பார்த்தார்.

"இதேதான்... இந்தப் புத்தகமேதான்! எழுதின மனுஷன் எங்க இருப்பார்னு தெரியுமாங்க?"

"எதுக்கு?" என்றாள் கல்லாவில் இருந்தவள்.

"ரெண்டு வார்த்தை கேக்கணும்."

"கேக்க முடியாது. அவர் போய் நாலு வருஷம் ஆச்சு. நான் அவர் மனைவி."

அவர் சுருளை மெல்லத் தரையில் இறக்கினார். கோபப்படத் தெரியாத கண்கள் அவை. இவ்வளவு நேரம் சிரமப்பட்டுக் கோபப்பட்டிருக்கின்றன என்று அவளுக்குத் தோன்றியது.

"மன்னிச்சுக்கோங்க. மழை விட்டதும் போயிடறேன்."

"வந்ததைச் சொல்லிட்டுப் போங்க."

அவர் வேலி போடுகிறவர். மேற்பார்வையாளர் தேர்வுக்காக மாலை வகுப்பில் படிக்கிறார். பாடநூல், அவள் கணவர் எழுதிய இருபடிச் சமன்பாட்டுக் கணக்குகள். அதில் இருபத்து மூன்றாவது: நீண்ட சுவர் ஒன்றை ஒட்டி, மற்ற மூன்று பக்கமும் நாற்பது மீட்டர் வலையால் வேலி. உள்ளே நூற்றைம்பது சதுர மீட்டர். வேலி சுவரிலிருந்து எத்தனை மீட்டர் வெளியே வரும்?

"பதினஞ்சு," என்றாள், யோசிக்காமல்.

"அஞ்சும் வருதுங்க. வெளியே அஞ்சு வந்தா, நீளம் முப்பது. நானே வலையை விரிச்சுப் பார்த்துட்டேன். ரெண்டையும் எழுதினேன்... வாத்தியார் பின்பக்க விடையைப் பார்த்துட்டு முட்டை போட்டுட்டார்."

"அவர் கணக்கில தப்பு விடமாட்டார்!"

குரல் அவளையும் மீறி உயர்ந்துவிட்டது. மழை நிற்பதற்கு முன்பே அவர் இறங்கிப் போனார். நோட்டு மேசைமேல் கிடந்தது.

நோட்டை எடுக்க வந்தார். பிறகு முப்பத்தொன்றாவது கணக்கில் சந்தேகம் என்று வந்தார். பிறகு சந்தேகமே இல்லாமல் வந்தார்... இருபத்து மூன்றை இருவரும் தொடவில்லை. அவர் கம்பி கீறிய விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் படிப்பதைப் பார்த்தபோது, வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த அறையில் யாரோ ஜன்னலைத் திறந்தது போலிருந்தது. அதற்காகவே தன்மேல் கோபமும் வந்தது.

பார்சல் கட்டிக்கொண்டிருந்த நாத்தனார் ஒருநாள் நிமிராமலே கேட்டாள்:

"அண்ணி, நம்ம கடைக்கு எந்தப் பக்கம் வேலி போடறாராம்?"

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த முறை அவர் படியேறியபோது, "இனி வகுப்பிலயே கேட்டுக்கோங்க," என்றாள். அவர் தலையாட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்...

அடுத்த வாரம் புதிய பதிப்பின் அச்சுப்படி வந்தது. நான்கு வருடமாக ஒரு எண்ணைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். இம்முறை இருபத்து மூன்றில் பேனா நின்றது. கீழ் இழுப்பறையைத் திறந்தாள். கணவர் போனபின் தொடாத கைப்பிரதி. கட்டியிருந்த நூலை அவிழ்த்தாள்.

அவர் கையெழுத்து. "5, 15. இரண்டும் பொருந்தும்." கீழே அழுத்தமாக ஒரு கோடு.

பார்த்துக்கொண்டே இருந்தாள். விடைப் பக்கத்தை அச்சுக்கு நகலெடுத்தவள் அவள்தான். நூறு கணக்கில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு விடை மைனஸாக வரும். மைனஸ் மீட்டரில் வேலி ஏது? அடித்துவிட வேண்டும். அடித்து அடித்துப் பழகிய கை, இருபத்து மூன்றிலும் ஒன்றை அடித்திருக்கிறது.

தப்பு விட்டது அவர் இல்லை.

நாத்தனார் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணன் கையெழுத்து எப்பவும் கோழி கிளறின மாதிரிதான்... மாத்திடுங்க அண்ணி. அவன் எழுதினதுதானே." வாசலுக்குப் போய்த் திரும்பினாள். "அந்த மனுஷன்கிட்டயும் சொல்லிடுங்க. முட்டை வாங்கினவர், பாவம். நான் கடையைப் பார்த்துக்கறேன்."

அவர் பட்டறையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். தூறல் தகரக் கூரையில் மெல்லத் தட்டியது. அவள் திருத்திய அச்சுப்படியை நீட்டினாள். பதினைந்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஐந்து.

"அவர் ரெண்டும் எழுதியிருந்தார். நான்தான் ஒண்ணை அடிச்சுட்டேன்."

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தாளின் ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கினார்.

"இதுக்காகவா இவ்வளவு தூரம் நனைஞ்சு வந்தீங்க?"

"இதுக்காக மட்டும் இல்ல."

அவர் நிமிர்ந்தார். அவள் கண்களைத் தாழ்த்தவில்லை.

"ஒரு விடை சரியா இருந்துட்டா இன்னொண்ணு தப்பாத்தான் இருக்கணும்னு நினைச்சுட்டேன். நாலு வருஷமா... அவர் சரியா இருந்தார். அதை நான் அடிக்க மாட்டேன்."

"அடிக்க வேணாம்ங்க. நானும் விடமாட்டேன்."

தூறல் வலுத்தது. அவள் சொல்ல வந்ததை முழுசாகச் சொன்னாள்.

"நீங்க வராத இந்த வாரம் எனக்கு நகரவே இல்ல. நாளைக்கு வாங்க... சந்தேகம் எதுவும் இல்லாமலே வாங்க."