ஓக் மரத்தில் படர்ந்தது

ஓக் மரத்தின் அடிப்பக்கத்தில் பாலாடை மாதிரி ஒரு வெள்ளைப் படலம் ஒட்டியிருந்ததை டோர்கெல் ஆகஸ்டில்தான் கவனித்தான். ஜூனில் அந்த மரத்திலிருந்து விழுந்துதான் அவனுடைய ஏழு வயது மகள் தூவா இறந்துபோனாள். அன்றைக்கு அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் அவன். அதற்குப் பிறகு அவன் மனைவி ராக்னில்ட் தினமும் மரத்தடியில் போய் உட்காருவாள். அவன் அதுவரை கிட்டே போனதில்லை.

பக்கத்துப் பண்ணைக்கார ஹில்டிங் குனிந்து பார்த்தான். "பட்டைப்பூச்சிப்பா. முட்டையை இப்படித்தான் நூலால மூடி வைக்கும். பாசியைத் தின்னு மரத்தைத் துடைச்சு விடும், சம்பளம் கேக்காத வேலைக்காரங்க. ஒரு மழை பெஞ்சா காணாமப் போயிடும்."

மூன்று நாள் மழை பெய்தது. படலம் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. ஈரப் பாசி வாடையோடு, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தலைமுடி வாடையும் கலந்து வந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான பழுப்புப் புள்ளிகள் மந்தை போல ஒன்றாக நகர, காய்ந்த இலையை யாரோ மெல்லக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு சின்னப் புடைப்பு. அவன் அதைத் தொடவில்லை.

சாப்பிடும்போது சொன்னான்: "நாளைக்கு மரத்தை வெட்டிடறேன்."

ராக்னில்ட் உருளைக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். "அவ தூங்குறா. கொஞ்சம் பொறு."

"அவ இல்ல, ராக்னில்ட்."

"நீ வந்து பாத்தாத்தானே? அப்பா ஏன் வரலைன்னு தினமும் கேக்குறா."

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனான்.

மறுநாள் மதியம் ரம்பத்தோடு வந்தான். அடுப்பில் பானை தீய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் அவள் இல்லை.

தோட்டத்தில் காற்றில்லை. ஒரு பறவை கூட இல்லை.

படலம் கிளை பிரியும் இடம்வரை எட்டியிருந்தது. சின்னப் புடைப்பை ஒட்டி இன்னொன்று. பெரியது. ஓரத்தில் ராக்னில்டின் பின்னல் நுனி வெளியே தொங்கியது.

ரம்பத்தைப் போட்டுவிட்டுக் கிழித்தான். கிழித்த இடம் விரலுக்கடியிலேயே மூடிக்கொண்டது. மறுபடி கிழித்தான். மூடிக்கொண்டது. பின்னல் உள்ளே போனது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

உள்ளிருந்து மூச்சு மட்டும் கேட்டது. ஒன்று நிதானமாக. ஒன்று சின்னதாக, வேகமாக.

நெற்றியை மரத்தில் வைத்து அழுதான். "தூவா, அப்பா வந்துட்டேன்."

படலம் தானாக விலகியது. உள்ளே, சின்னவளின் மறுபக்கத்தில், சரியாக அவன் உயரத்துக்கும் அகலத்துக்கும், பட்டை சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.